சொல்லாமல் கொள்ளாமல்

அந்த மதியம் கூடத்தில் இருந்தவர்கள்:

அக்கா. பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் "வலிக்கவே வலிக்காது, உக்காருங்க" என்று சொல்வது அவள் வேலை.

அவள் வீட்டுக்காரர். சரக்கு வேன் ஓட்டுகிறவர். வேன் நின்றாலும் வாய் நிற்காது.

மேடம். தனியாக வாழமுடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியின் மேலாளர். கழுத்தில் ஒரு அபாய மணியைத் தொங்கவிட்டிருப்பார். அழுத்தினால் பக்கத்து விடுதியிலிருந்து தாட்டியான ஆட்கள் ஓடிவருவார்கள்.

மீசை. பகல் ஷிஃப்ட் பராமரிப்பாளர். வலது கைச் சுண்டுவிரலில் கட்டு.

திட்டக்காரம்மா. நடத்தை ஆலோசகர் என்பது பதவி. அடிக்கிறவர்கள், கடிக்கிறவர்கள், சுவரில் தலையை மோதிக்கொள்கிறவர்கள் இருக்கும் இடங்களுக்குப் போய், எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து, செய்யவேண்டிய அவசியமே இல்லாமல் பண்ணத் திட்டம் போடுகிறவள்.

மதிப்பீட்டு அதிகாரி. யார் எங்கே தங்கவேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தது. ஜலதோஷமும் இருந்தது.

கடைசியாக, தம்பி. அக்காவுக்குத்தான் தம்பி. ஆனால் அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுச் சமையல்காரரிலிருந்து குழாய் ரிப்பேர்க்காரர்வரை அந்த விடுதியில் எல்லோருக்கும் அவன் தம்பி ஆகிவிட்டான். நாற்பதைத் தாண்டியவன். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். பேச்சு என்று பார்த்தால் நாலைந்து வார்த்தை தேறும். இடது கையின் கட்டைவிரல் அடியில், கடித்துக் கடித்துக் காய்த்துப்போன ஒரு தடிப்பு.

விடுதியில் இருந்த மற்ற இருவரையும் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காக. அமைதி என்னவோ இருந்தது, பரீட்சை மண்டபத்தில் இருக்கிற மாதிரி.

விஷயம் இதுதான். போன மாதம் குளியலறையில் தம்பி மீசையின் சுண்டுவிரலைப் பிடித்து முறுக்கி ஒடித்துவிட்டான். கையோடு சுவர்க் குழாயையும் பிடுங்கினான். இந்தத் தொழிலில் இதற்குச் 'சம்பவம்' என்று பெயர். ஏற்கெனவே சில சம்பவங்கள் சேர்ந்திருந்தன. இன்னொன்று நடந்தால் தம்பியைப் பூட்டு வார்டுக்கு மாற்றுவது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதைத் தீர்மானிக்கத்தான் அதிகாரி நேரில் வருகிறார்.

பூட்டு வார்டை அக்கா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கட்டில்களைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தவர்களையும் அப்படித்தான் திருகி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. மாத்திரையில் நாக்கு தடித்துப்போன ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடினான். அங்கே போனவர்கள் யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா என்று வார்டுக்காரரிடம் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார்.

அதிகாரி வருவதற்குக் கொஞ்சம் முன்பு சமையலறையில் ஒரு சண்டை நடந்தது. சத்தமில்லாத சண்டை. கூடத்தில் தம்பி உட்கார்ந்திருந்ததால் எல்லோரும் குரலை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள்.

"அப்ப நான்தான் காரணம்னு சொல்றீங்க" என்றாள் அக்கா.

"நீங்க காரணம்னு சொல்லல அக்கா" என்றாள் திட்டக்காரம்மா. "நீங்க போற விதம் காரணம்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. நீங்க வர்றது அவருக்குப் பிடிக்கும். நீங்க போறதக்கூட அவரு தாங்கிக்குவாரு. நீங்க காணாமப் போறதத்தான் தாங்க முடியல."

அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காரணம், அது பொய்யில்லை.

தம்பியை இங்கே கொண்டுவந்து விட்ட புதிதில், அக்கா கிளம்பும்போதெல்லாம் அவன் வாசலை மறித்துக்கொண்டு கதறுவான். அவளுடைய பையின் வாரைப் பிடித்துத் தொங்குவான். அப்போது யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் யோசனை சொன்னார்: நாங்கள் குளிக்கக் கூட்டிப்போகிறோம், தண்ணீர் சத்தம் கேட்டதும் நீங்கள் நழுவிவிடுங்கள். அக்கா நழுவினாள். கதறல் இல்லை, இழுபறி இல்லை. இவ்வளவு சுலபமா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புதன்கிழமை தோறும் அக்கா வருவாள். "எங்கயும் போகல கண்ணு, இங்கதான் இருப்பேன், நீ குளிச்சிட்டு வா" என்பாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். தம்பி துண்டோடு வெளியே வந்து பார்ப்பான். நாற்காலி காலியாக இருக்கும். மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பான். கட்டிலுக்கு அடியில் பார்ப்பான். சமையலறை அலமாரியைக்கூடத் திறந்து பார்ப்பான் என்று மீசை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னதை அக்காவும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

பிறகு அவன் குளிக்க மறுக்க ஆரம்பித்தான். துண்டை எடுத்தாலே அடித்தான். யாராவது கிளம்பப்போகிற சாவிச் சத்தம் கேட்டால் கையைக் கடித்தான். விடுதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சோப்பை மாற்றினார்கள். வெந்நீரை ஆற வைத்தார்கள். பூவாளிக் குழாயைக் கழற்றிவிட்டு வாளி வைத்தார்கள். வாளியை எடுத்துவிட்டு மறுபடி குழாயை மாட்டினார்கள். குளியலறைக்கு வெளிர்நீலத்தில் பெயின்ட் அடித்தார்கள், நீலம் மனசை அடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு. அவனுக்குத் தண்ணீர் ஆகவில்லை என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் தண்ணீரோடு மல்லுக்கட்டினார்கள். மற்ற நாட்களில் அவன் பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருந்தான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

திட்டக்காரம்மா வந்தாள். மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாள்கணக்கில் சும்மா பார்த்தாள். சம்பளத்துக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள் என்று சமையல்காரர் முணுமுணுத்தார். அவள் பார்த்துமுடித்துவிட்டுச் சொன்னது இது: அவருக்குத் தண்ணீரோடு எந்தச் சண்டையும் இல்லை. தான் கண்ணை மூடுகிற நேரத்தில் ஆட்கள் மறைந்துபோகிறார்கள் என்று இந்த வீடு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதனால் அவர் யாரையும் கண்ணிலிருந்து விடுவதில்லை.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. ஒருவர் இருக்கும்வரை அவருடைய பை தம்பியின் மடியில் இருக்கும். கிளம்பும்போது அவன் முன்னால் நின்று, போகிறேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லவேண்டும். அவனே பையை எடுத்துக் கொடுப்பான். அவன் பார்க்க முன்வாசல் வழியாகப் போகவேண்டும். ஷிஃப்ட் முடிந்து போகிற ஒவ்வொரு ஊழியரோடும் இதைப் பழக்கினாள். முதலில் தடுமாறினான். ஒரு பையைக் கிழித்தான். அப்புறம் பழகிவிட்டான். மீசை கிளம்பும்போது பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கதவுவரை நடந்துவருவான். ஒருநாளும் கை நீட்டவில்லை.

அக்காவோடு மட்டும் அதைச் செய்துபார்க்கவில்லை. விரல் ஒடிந்ததிலிருந்து அக்காவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இன்றுதான் வருகிறாள்.

"ஊழியர் போறது வேற, அக்கா போறது வேற" என்றார் மேடம். கை அபாய மணியைத் தடவிக்கொண்டிருந்தது. "இன்னிக்குப் போயி முதல் தடவையா முயற்சி பண்ணணுமா? அதிகாரி உக்காந்திருக்கறப்ப?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். "இன்னிக்கு ஒரு நாள் பழையபடி குளிக்கக் கூட்டிட்டுப் போங்க. இவ நைசாக் கிளம்பட்டும். அந்த ஆளு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். நாளையிலேர்ந்து உங்க திட்டம், தாம்பூலம் எல்லாம் வச்சிக்குங்க. நான்கூடத்தான் தினம் காலைல 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுக் கிளம்பறேன். எங்க வீட்ல எவளாவது திரும்பிப் பாக்கறாளா?"

"விரல ஒடிச்ச அன்னிக்கும் பழையபடிதான் குளிக்கக் கூட்டிட்டுப் போனீங்க" என்றாள் திட்டக்காரம்மா.

மீசை கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். "நான் கூட்டிட்டுப் போறேன், பிரச்சினை இல்ல. மூக்கு நோண்ட இன்னொரு கை இருக்கு."

 எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் எதிரில் நின்று போகிறேன் என்று சொல்லவேண்டும். அவன் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியாது. நழுவ ஆரம்பித்ததிலிருந்து இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

"பழையபடியே பண்ணிடலாம்" என்றாள்.

 "உங்க தம்பி, உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, திட்டக்காரம்மா கழுவிவைத்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

வாசல்மணி அடித்தது.

அதிகாரி உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம், பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் போட்டது. சலங் என்றது. ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான். அவன் கண் சாவியில் பதிந்தது. அங்கிருந்து கதவுக்குப் போனது. அக்காவுக்கு வந்தது.

"சார், அத உள்ள வச்சிக்குங்க" என்றாள் திட்டக்காரம்மா மெதுவாக.

"எத?"

"சாவிய. சத்தமில்லாம."

அவர் சாவியை உள்ளங்கையில் பொத்தி எடுத்துப் பாக்கெட்டில் போட்டார். குழந்தை தூங்குகிற அறையில் நடந்துகொள்கிற மாதிரி. பிறகு தும்மினார். பூட்டு வார்டே தும்மின மாதிரி அக்கா நடுங்கினாள்.

தம்பி லேபிளை விட்டுவிட்டான். எழுந்து வந்து, அக்காவின் நாற்காலி முதுகில் தொங்கிய கைப்பையை எடுத்துக்கொண்டு போய் மடியில் வைத்துக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊழியர்களிடம் பழகியதை அவனாகவே அவளுக்கும் செய்தான். ஜிப்பை மெதுவாகத் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான். அந்தச் சத்தத்தினிடையே கேள்விகள் போயின. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, மாத்திரை என்ன. மேடம் பதில் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர், கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொன்னார்.

"எங்க மச்சான் தங்கம் சார். சின்னப் புள்ள மாதிரி. என்ன, உடம்பு கொஞ்சம் பெருசாப் போச்சு, கைய வீசுனா இடம் பத்தாது."

அதிகாரி சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை என்பது அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"இவர் ஏன் கதவையே பாத்திட்டிருக்கார்?" என்று கேட்டார் அவர்.

 ஜிப் மட்டும் போய்வந்தது.

"சரி. எனக்கு முக்கியமா ஒண்ணு பாக்கணும். முந்தின சம்பவங்க எல்லாமே குடும்பத்து ஆள் கிளம்பறப்பதான் நடந்திருக்கு. அதனால இவங்க கிளம்பறதப் பாத்துட்டுத்தான் நான் போவேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்பவும் எப்படிக் கிளம்புவீங்களோ அப்படியே கிளம்புங்க."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். மீசைக்குக் கண்ணைக் காட்டினார். மீசை எழுந்து உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"தம்பி, வாங்க. குளிச்சிட்டு வரலாம்."

ஜிப் நின்றது.

தம்பி துண்டைப் பார்த்தான். பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். உடம்பு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. நாற்காலியின் கால்கள் தரையில் டொக் டொக்கென்று இடித்தன. பிறகு இடது கை மெதுவாக வாய்க்குப் போனது. காய்த்துப்போன தடிப்பில் பல் பதிந்தது. மூக்கு வழியாக ஒரு முனகல் வந்தது. தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிற மாதிரி.

"வாங்க தம்பி, தண்ணி ஆறிடும்" என்று மீசை ஒரு அடி கிட்டே வந்தான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கட்டுப்போட்ட கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தான்.

தம்பி அக்காவைப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க அக்காவால் முடியவில்லை. எழுந்து அவனிடம் போனாள். தோளைத் தொட்டாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்லவேண்டும் என்று யோசிப்பதற்குள் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"எங்கயும் போகல கண்ணு. இங்கதான் இருப்பேன். நீ குளிச்சிட்டு வா."

அவன் கை எப்போது எழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அக்காவின் கொண்டை அவன் பிடிக்குள் இருந்தது. இழுத்த வேகத்தில் அவள் முழங்காலில் விழுந்தாள். கன்னம் நாற்காலிக் கையில் இடித்தது. பை தரையில் விழுந்து, உள்ளே இருந்த சீப்பும் மாத்திரை அட்டையும் சிதறின.

ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடந்தன. வீட்டுக்காரர் "டேய், விடுடா" என்று பாய்ந்தார். மீசை துண்டை எறிந்துவிட்டுத் தம்பியின் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினான். மேடத்தின் கட்டைவிரல் அபாய மணியில் ஏறியது. அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். பாக்கெட்டில் சாவி குலுங்கியது. அந்தச் சத்தத்தில் தம்பியின் பிடி இன்னும் இறுகியது.

"யாரும் தொடாதீங்க" என்றாள் திட்டக்காரம்மா. கத்தவில்லை. "சார், உக்காருங்க. சாவி."

அதிகாரி பாக்கெட்டை மேலாகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேடம், அத அழுத்தாதீங்க. ஆளுங்க வந்து இவரத் தரையில போட்டு அமுக்குனா அதோட முடிஞ்சுது. மீசை, ரெண்டடி பின்னால வா."

"என் பொண்டாட்டி மண்டைய உடைக்கட்டும்னு நான் பாத்துட்டு நிக்கணுமா?" வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க உக்காருங்க" என்றாள் அக்கா தரையிலிருந்து.

"ஏய்..."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்குத் தலைத்தோல் எரிந்தது. குனிந்த நிலையில் அவளுக்குத் தெரிந்தது தம்பியின் கால்கள்தான். வெறுங்கால். பெருவிரல்கள் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன, அவன் விழப்போகிறவன் மாதிரி. மயிர்ப்பிடிக்குள் அவன் கை நடுங்குவது அவளுக்குள் இறங்கியது. அடிக்கிறவனுடைய கை இப்படி நடுங்காது. விட்டால் போய்விடுவாள் என்று பிடித்திருக்கிற கை இது. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் இந்தக் கொண்டைதான்.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை, பார்க்க முடியாது.

"நடக்கப்போறத" என்றாள் திட்டக்காரம்மா. அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கை எட்டாத தூரத்தில். "சின்னதா. ஒரே தரம். 'வரேன்'னு சொல்லாதீங்க. போறேன்னு சொல்லுங்க."

போறேன் என்ற வார்த்தையை அக்காவின் வாய் யாரிடமும் சொன்னதில்லை. பேருந்து நடத்துனரிடம்கூட அவள் வரேன் என்றுதான் சொல்லிவிட்டு இறங்குவாள். 

"தம்பி" என்றாள். "குளிக்க வேணாம். அக்கா பொய் சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போறேன். புதன்கிழமை வருவேன்."

முனகல் உயர்ந்தது. பிடி தளரவில்லை. ஒரு சுண்டு சுண்டினான். அக்காவின் கண்ணில் நீர் பொலபொலவென்று வந்தது.

"தம்பி, கேளு, அக்கா..."

"மறுபடி சொல்லாதீங்க" என்றாள் திட்டக்காரம்மா. "கேட்டுட்டாரு. இப்ப அவரு நேரம். காத்திருங்க."

காத்திருந்தார்கள். சமையலறையில் குளிர்ப்பெட்டி உறுமி நின்றது. தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்க வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள், வா வா வா என்று. அதிகாரிக்குத் தும்மல் வந்தது. மூக்கைக் கிள்ளிக்கொண்டு அடக்கினார். முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்தது. மேடத்தின் கட்டைவிரல் மணிமேல் அப்படியே இருந்தது, அழுத்தவும் இல்லை எடுக்கவும் இல்லை. மீசை தன் கட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் முழங்கால் மரத்துப்போனது. இவன் விடமாட்டான் என்று நினைத்தாள். இப்படியே இருட்டும்வரை பிடித்திருப்பான். கடைசியில் ஆட்கள் வருவார்கள். இவன் முகத்தைத் தரையில் வைத்து முதுகில் முழங்காலை ஊன்றுவார்கள். நான் சொன்ன ஒரே நிஜத்துக்கு இவனுக்குக் கிடைக்கப்போவது அதுதான்.

முனகல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சில மயிர்கள் அவன் விரலிடுக்கிலேயே தங்கிவிட்டன. அவன் அதைப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தான்.

 சபாஷ் என்று சொல்ல வாயைத் திறந்த வீட்டுக்காரரை மீசை தொடையில் கிள்ளினான்.

தம்பி குனிந்தான். கவிழ்ந்து கிடந்த பையை எடுத்தான். சீப்பை எடுத்து உள்ளே போட்டான். மாத்திரை அட்டையைப் போட்டான். மேசைக்கடியில் உருண்டிருந்த ஒரு நாணயத்தை, படுத்துக் கையை நீட்டி எடுத்துப் போட்டான். ஜிப்பை மூடினான். எழுந்து நின்று, பையை அக்காவின் மார்பில் வைத்துத் தள்ளினான். கொடுத்தான் என்று சொல்வதற்கில்லை. அவள் ஒரு அடி பின்னால் போகிற அளவுக்குத் தள்ளினான்.

"போ" என்றான்.

அவனிடம் இருந்த நாலைந்து வார்த்தைகளில் அது உண்டு என்பது அக்காவுக்கு அதுவரை தெரியாது.

அதிகாரி மெல்லப் பேசினார். "மயிரப் பிடிச்சு இழுத்தத நான் எழுதாம விட முடியாது. சம்பவம் சம்பவம்தான்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா ஒருத்தரும் தொடாம அவராவே விட்டதையும் எழுதத்தான் போறேன்." அவர் திட்டக்காரம்மாவைப் பார்த்தார். பிறகு அக்காவை. "இன்னும் நீங்க கிளம்பல. இதே மாதிரி, எல்லாரும் பாக்க, யாரும் அவரப் பிடிச்சு நிறுத்தாம, நீங்க அந்த வாசல் வழியா வெளிய போயிட்டீங்கன்னா இவரு இங்கயே இருக்கட்டும்னு எழுதிடறேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா கொண்டையை முடிந்துகொள்ளக் கையைத் தூக்கினாள். பிறகு வேண்டாமென்று அப்படியே விரித்துவிட்டாள்.

"நீங்க முன்னால போயி வண்டிய எடுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் தம்பியைச் சுற்றிக்கொண்டு, கரடிக்கூண்டைத் தாண்டுகிறவர் மாதிரி போனார். வாசலில் நின்று, என்ன தோன்றியதோ, திரும்பினார். "மச்சான், நானும் போறேன்டா" என்றார். தம்பி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கதவை மீசை திறந்து பிடித்துக்கொண்டான். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது.

அக்கா நடந்தாள். கூடத்திலிருந்து கதவு அவ்வளவு தூரத்தில் இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை. பின்வாசல் கிட்டே. எப்போதும் கிட்டே. பின்னால் வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி எழும்பும் சத்தம் வந்தது. தம்பி அவளுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். மூச்சு அவள் கழுத்தில் பட்டது. எந்த நொடியும் அந்தக் கை மறுபடி கூந்தலுக்கு வரும். அவளுக்கு மயிர்க்கால் ஒவ்வொன்றும் காத்திருந்தது. திரும்பக்கூடாது. ஓடக்கூடாது. திட்டக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் அவள் சொல்லக்கூடியதெல்லாம் இப்போது அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

செருப்பு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கையில் எடுக்கவில்லை. நின்று, அவன் பார்க்க, ஒவ்வொன்றாகக் காலில் மாட்டினாள். வார் போடும்போது குனியவேண்டியிருந்தது. குனிந்தாள். அவன் கை வரவில்லை.

படியில் கால் வைத்ததும் திரும்பினாள். இதுதான் அவள் பார்க்காத முகம். அழுகை இல்லை. கீழுதடு கோணிக்கொண்டிருந்தது. கண், அவளைத் தாண்டி, வேனைப் பார்த்தது. வேனிலிருந்து அவளுக்கு வந்தது. அவள் காலிலிருந்த செருப்புக்குப் போனது. கணக்குச் சரிபார்க்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் பார்த்தான். இதோ வந்துடறேன் கண்ணு என்று ஒரு வார்த்தை அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். உதட்டைக் கடித்து உள்ளே தள்ளினாள். தானே ஒரு படி இறங்கினாள்.

மீசை கதவை மெதுவாகச் சாத்தப் போனான். அவன் கைக்கு மேல் தம்பியின் அகலமான கை வந்து விழுந்தது.

"நீங்களே சாத்தறீங்களா தம்பி? சாத்துங்க. சாவியும் பிடிங்க" என்று மீசை சொல்வது கேட்டது.

அக்கா வெயிலில் நின்றாள். ஒரு கதறல் வரும், கதவில் ஒரு இடி விழும், இல்லை அவள் பேராவது வரும் என்று நினைத்தாள். அப்படி எதுவும் வரவில்லை. கதவு நிலையில் போய்ப் பொருந்தியது. சாவி துவாரத்தைத் தேடித் தடவியது, நுழைந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது. பூட்டின் நாக்கு உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு சுற்று.